அத்தையின் 11 கேசட்டுகள்: கேம்கார்டர் பதிவை டிவிடிக்கு மாற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு துணிப்பை. அதில் 11 கேசட், ஒரு கேமரா, அதன் சார்ஜர், கூடவே ஒரு டிவிடி. அத்தை பையை மேசைமேல் வைத்துவிட்டு, "முதல்ல இந்த டிவிடியைப் போட்டுப் பாருடா, என்னமோ சரியா இல்ல" என்றார். நாலாவது கேசட்டை மட்டும் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து அவர் ஏற்கெனவே மாற்றி வாங்கியிருந்த டிவிடி அது.

பிளேயரில் போட்டோம். முதல் தடவை 'டிஸ்க் இல்லை' என்றது. எடுத்து மறுபடி போட்டதும் ஓடியது. பையன் ஊஞ்சல் ஆடும் காட்சி. ஊஞ்சல் வேகம் எடுக்கும்போதெல்லாம் படம் உதறியது, நின்றால் தெளிவாகிவிட்டது. 12-ஆம் நிமிடத்தில் தாத்தா வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து பேரனிடம் ஏதோ சொல்கிறார். குரல் கனத்து, இழுத்து இழுத்து வந்தது. அவர் வாயை மூடிய பிறகும் பேச்சு ஓடிக்கொண்டே இருந்தது. அத்தை ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டார். "இது அப்பா குரலே இல்லடா." 19-ஆம் நிமிடத்தில் படம் சட்டென்று அறுந்து மெனுவுக்குப் போய்விட்டது. மீதி 41 நிமிடத்தைக் காணோம்.

தாத்தா இப்போது இல்லை. அவர் பேச்சு பதிவான கேசட் இந்த ஒன்றுதான். அதனால் இந்த வேலையை அவசரப்படாமல், ஒவ்வொரு கோளாறும் எங்கே பிறந்தது என்று பார்த்துப் பார்த்துச் செய்தேன். நடந்ததை முழுதாக இங்கே எழுதி வைக்கிறேன். பழைய கேசட்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசிப்பவர்களுக்கு என் ஆறு வாரம் மிச்சமாகும்.

எழுத்தில் ஒரு குழப்பம் வரும், அதை முதலிலேயே தீர்த்துவிடலாம். கீழே 'டிவி' என்று வருவதெல்லாம் கேசட்டில் பதியும் டிஜிட்டல் வீடியோ வடிவத்தின் பெயர். வீட்டில் பார்க்கும் பெட்டியைத் தொலைக்காட்சி என்றே எழுதியிருக்கிறேன்.

பையில் இருந்தது என்ன

11-இல் 9 மினிடிவி, 2 ஹை8. இரண்டும் உள்ளங்கையில் அடங்கும் சின்னக் கேசட்டுகள்தான், ஆனால் உள்ளே இருப்பது வேறு வேறு. ஹை8 என்பது 1989-இல் வந்தது. 8 மி.மீ. அகல நாடா, அனலாக் பதிவு. மினிடிவி 1995-இல் வந்த டிவி வடிவத்தின் கேசட், நாடா அகலம் 6.35 மி.மீ. அதில் இருப்பது எண்கள். படத்தை எண்ணாக்கும் வேலையைப் பதிவு செய்த அன்றே கேமரா முடித்துவிட்டது. ஆக, மினிடிவியைக் கணினிக்குக் கொண்டுவருவது பென்டிரைவிலிருந்து கோப்பை நகலெடுப்பது மாதிரி. சரியாகச் செய்தால் கேசட்டில் இருப்பதும் கணினியில் வருவதும் எண்ணுக்கு எண் ஒன்றே. தரம் இறங்குவதற்கு வழியே இல்லை. ஹை8-க்கு அந்தச் சலுகை கிடையாது. நாடாவில் இருக்கும் அலையை இன்று நாம்தான் அளந்து எண்ணாக்க வேண்டும்.

கேசட்டைக் கேமராவில் போடுவதற்கு முன் முதுகில் இருக்கும் சின்னத் தள்ளுபொத்தானை 'சேவ்' பக்கம் தள்ளிவிட வேண்டும். தள்ளிவிட்டால் தவறிப்போய்ப் பதிவுப் பொத்தானை அழுத்தினாலும் கேமரா எழுதாது. ஒன்பதில் ஐந்து கேசட் திறந்தே இருந்தது. இத்தனை வருடம் யாரும் மேலே பதியாமல் விட்டது பெரிய விஷயம். அப்புறம் ஒவ்வொரு கேசட்டையும் ஒருமுறை கடைசிவரை ஓட்டி, திரும்பச் சுற்றினேன். பல வருடம் ஒரே நிலையில் கிடந்த நாடா ஒன்றோடொன்று ஒட்டியிருக்கலாம், இழுவிசையும் சீராக இருக்காது. நேராக 'ப்ளே' அழுத்துவதைவிட இது பாதுகாப்பு.

கேபிள் விவகாரம்

கேமராவில் ஒரு யுஎஸ்பி துளை இருந்தது. மினிடிவி கேமராக்களில் பெரும்பாலும் அது மெமரி கார்டில் இருக்கும் நிழற்படங்களை எடுக்கவும், வெப்கேம் போலப் பயன்படுத்தவும் வைத்தது. நாடாவில் இருக்கும் முழுத்தரப் பதிவு அந்த வழியாக வராது. அதற்கான வழி ஃபயர்வயர். ஐஇஇஇ 1394 என்றும், சில கேமராக்களின் மேல் ஐ.லிங்க் என்றும் எழுதியிருக்கும். கேமராப் பக்கம் 4 ஊசி உள்ள குட்டித் துளை, கணினிப் பக்கம் 6 ஊசி உள்ள பெரிய துளை.

என் மடிக்கணினியில் ஃபயர்வயர் இல்லை. ஒரு முனை ஃபயர்வயர், மறுமுனை யுஎஸ்பி என்று ஒரு கேபிள் விற்கிறார்கள், வாங்கினேன், வேலை செய்யவில்லை. செய்யவும் செய்யாது. அது முனையின் வடிவத்தை மட்டும் மாற்றுகிறது. ஃபயர்வயர் பேசும் மொழி வேறு, அதைப் புரிந்துகொள்ள 1394 கன்ட்ரோலர் சிப் கணினிக்குள் இருந்தாக வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு வாரம் டிரைவர் தேடி அலைந்தேன். நீங்கள் அலைய வேண்டாம்.

கடைசியில் பரணில் கிடந்த பழைய மேசைக்கணினியை இறக்கி, அதில் ஒரு ஃபயர்வயர் கார்டு செருகி, லினக்ஸ் நிறுவினேன். கேமராவை இணைத்ததும் அடையாளம் கண்டுகொண்டது. இங்கே ஓர் எச்சரிக்கை. 6 ஊசி முனையில் மின்சாரமும் வருகிறது. அதைத் தலைகீழாக அழுத்திச் செருகினால் கேமராவின் ஃபயர்வயர் பகுதியே கருகிவிடும். அந்தக் கேமரா போனால் பல பேருக்கு வேறு கேமரா கிடையாது. இரண்டையும் அணைத்துவிட்டுச் செருகி, பிறகு உயிர் கொடுப்பதுதான் நல்லது. கேமராவை பேட்டரியில் ஓட்டாமல் சார்ஜரிலேயே ஓட்டவும். பாதியில் அணைந்தால் நாடா உருளையைச் சுற்றிய நிலையிலேயே நின்றுவிடும்.

கேப்சர்: ஒரு மணி நேரத்துக்கு ஒரு மணி நேரம்

டிவி வடிவத்தில் ஒரு ஃபிரேம், அதாவது ஒரு நிலைப்படம், சரியாக 1,44,000 பைட் (PAL எனப்படும் தொலைக்காட்சி முறையில்). நொடிக்கு 25 ஃபிரேம், அதாவது நொடிக்கு 3.6 எம்பி, ஒரு மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட 13 ஜிபி. எட்டு கேசட் ஒரு மணி நேரம், ஒன்று ஒன்றரை மணி நேரம், இரண்டு ஹை8-உம் ஒன்றரை. மொத்தம் பன்னிரண்டரை மணி நேரம், 160 ஜிபிக்குச் சற்று மேல். கேப்சர் என்பது நாடாவை ஓட்டி, அதில் இருப்பதைக் கணினியில் கோப்பாகப் பிடிப்பது. வேகமாக ஓட்டி எடுக்க முடியாது. நாடா தன் வேகத்தில்தான் ஓடும்.

பழைய டிவிடி 19-ஆம் நிமிடத்தில் அறுந்ததன் காரணம் இந்தக் கணக்கிலேயே வந்துவிட்டது. கோப்பை ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த வெளி வட்டில் சேமித்திருக்கிறார்கள். ஃபேட்32-இல் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. ஒலியைத் தனியாகவும் ஒரு பிரதி எடுத்துவைக்கும் ஏவிஐ கோப்பாக இருந்தால் 4 ஜிபி சுமார் 19 நிமிடத்தில் நிரம்பிவிடும். கேப்சர் மென்பொருள் அங்கே நின்றுவிட்டது, யாரும் கவனிக்கவில்லை. நான் லினக்ஸின் சொந்த வட்டு முறையில் எழுதியதால் அந்தச் சிக்கல் எழவே இல்லை. விண்டோஸில் செய்பவர்கள் என்டிஎஃப்எஸ் வட்டில் எழுதினால் போதும்.

கேப்சருக்குப் பயன்படுத்தியது டிவிகிராப் என்ற சின்ன நிரல். கட்டளை வரியில் இயங்குவது, பார்ப்பதற்கு ஒன்றுமிருக்காது. ஆனால் அது செய்த ஒரு காரியத்துக்காக அதை மனதாரப் பாராட்டுவேன். டிவி நாடாவில் படம், ஒலியோடு ஒவ்வொரு ஃபிரேமிலும் அது பதிவான தேதியும் நேரமும் மறைவாக இருக்கின்றன. திரையில் தெரியாது. அதற்கான தேர்வுகளைக் கட்டளையில் கொடுத்தால் டிவிகிராப் அதைப் படித்து, ஒவ்வொரு தடவை பதிவுப் பொத்தான் அழுத்தப்பட்ட இடத்திலும் புதிய கோப்பு தொடங்கி, அந்தத் தேதி நேரத்தையே கோப்பின் பெயராகவும் வைத்துவிடுகிறது. தேதிகளை எல்லாம் வரிசையாக ஒரு சப்டைட்டில் கோப்பாகவும் தரும். இன்னொன்றையும் மாற்ற வேண்டும். இயல்பாக அது 1 ஜிபிக்கு ஒருமுறை கோப்பைத் துண்டாக்கும், அந்த அளவை 0 என்று வைத்தால் துண்டாக்காது.

முதல் கேசட் முடிந்ததும் கோப்புப் பட்டியலை அத்தையிடம் காட்டினேன். 2003, ஆகஸ்ட், காலை 7 மணி 12 நிமிடம் என்று ஒரு பெயர். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னைக்குத்தான் இவன் முதல் தடவை பள்ளிக்கூடம் போனான். காலைல எடுத்தது."

டிவிடியாக மாற்றும்போது இந்தத் தேதிகள் அழிந்துவிடும், டிவிடியின் எம்பெக்-2 வடிவத்தில் அவற்றுக்கு இடமில்லை. கேசட்டைக் கொடுத்துவிட்டு டிவிடியை மட்டும் வாங்கிவருபவர்கள் படத்தரத்தோடு இதையும் இழக்கிறார்கள். ஆறாவது கேசட்டில் மட்டும் தேதிகள் எல்லாம் தப்பு. கேமராவின் கடிகார பேட்டரி தீர்ந்து, யாரும் நேரம் வைக்காத காலம் போல. அத்தைதான் உதவினார். "முன்பல்லு ரெண்டும் இல்ல பாரு, அப்போ ரெண்டாம் வகுப்பு." அதை வைத்து வருடத்தை மட்டும் கையால் எழுதினேன்.

குரல்

நாலாவது கேசட்டுக்கு வந்தேன். புதிதாக எடுத்த கோப்பில் தாத்தாவின் குரல் சரியாக இருந்தது. அப்படியென்றால் கேசட் பழுதாகவில்லை, மாற்றிய விதத்தில்தான் தப்பு. எங்கே?

டிவி கேமராக்களில் ஒலிக்கு இரண்டு முறை உண்டு. ஒன்று 12 பிட், நொடிக்கு 32,000 மாதிரி (ஒலியை ஒருமுறை அளந்த எண்தான் ஒரு மாதிரி). மற்றது 16 பிட், நொடிக்கு 48,000 மாதிரி. 12 பிட் முறையில் நான்கு தடம் கிடைக்கும், பின்னால் பின்னணி ஒலி சேர்க்க இடம் வேண்டுமென்று வைத்தது. பல கேமராக்கள் பெட்டியிலிருந்து வரும்போதே 12 பிட்டில்தான் வைக்கப்பட்டிருக்கும். மெனுவுக்குள் போய் யாராவது மாற்றினால்தான் 16.

நாலாவது கேசட்டின் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து ஒலி விவரம் பார்த்தேன். முதல் 11 நிமிடம் 32 கிலோஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 32,000 மாதிரி. அதற்குப் பிறகு எல்லாம் 48. கேசட்டின் நடுவில் யாரோ, அநேகமாக மாமாதான், மெனுவில் மாற்றியிருக்கிறார். நல்ல எண்ணத்தில் செய்ததுதான், தரம் கூடத்தான் கூடியது. ஆனால் பழைய கேப்சரில் மொத்தமும் ஒரே ஏவிஐ கோப்பு. அதன் தலைப்பில் ஒலி 32 கிலோஹெர்ட்ஸ் என்று ஒருமுறைதான் எழுதப்படும், அதுவும் தொடக்கத்தில் பார்த்ததை வைத்து. 11-ஆம் நிமிடத்துக்குப் பிறகு நொடிக்கு 48,000 வீதம் வந்த மாதிரிகளை 32,000 வீதம் ஒலித்தால் என்ன ஆகும்? இரண்டு நொடிப் பேச்சு மூன்று நொடிக்கு நீளும், சுருதியும் அதே விகிதத்தில் இறங்கும். வாய் மூடிய பிறகும் பேச்சு ஓடியது அதனால்தான். அத்தையின் காது மெனு திறக்காமலே கண்டுபிடித்த கோளாறு இது.

சரிசெய்வது எளிது. பதிவு பதிவாகக் கோப்பு பிரிந்திருப்பதால் ஒவ்வொன்றுக்கும் அதனதன் ஒலி விவரம் சரியாக இருக்கிறது. டிவிடிக்கு 32 கிலோஹெர்ட்ஸ் ஆகாது, 48 வேண்டும் என்பதால், 32-இல் இருந்தவற்றை முறையாக 48-க்கு மாற்றி, அதற்குப் பிறகுதான் எல்லாவற்றையும் ஒட்டினேன். வரிசை முக்கியம். ஒட்டிவிட்டு மாற்றினால் பழைய கதைதான்.

அன்று மாலை ஹெட்ஃபோனை அத்தையின் காதில் மாட்டினேன். தாத்தா பேரனிடம் சொன்னது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. ஊஞ்சல் கயிற்றை இறுக்கிப் பிடிக்கச் சொல்கிறார். "கையை விட்டுறாத சாமி, கையை விட்டுறாத." ற-வை அழுத்தி, கடைசியில் கொஞ்சம் சிரிப்போடு. அத்தை அதை நான்கு முறை கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை.

கட்டம் கட்டமாக உடைந்த ஏழாவது

எல்லாக் கேசட்டும் இப்படி ஒத்துழைக்கவில்லை. ஏழாவதில் படம் சதுரம் சதுரமாக உறைந்தது, ஒலி விட்டுவிட்டு வந்தது. டிவி கேமராவில் நாடாவைப் படிக்கும் தலைகள் பொருந்திய உருளை 21.7 மி.மீ. விட்டம், நிமிடத்துக்கு 9,000 சுற்று. அது படிக்கும் தடம் ஒவ்வொன்றும் 10 மைக்ரான் அகலம். ஒரு தூசி போதும், தலை மறைந்துவிடும். படிக்க முடியாத இடத்தில் கேமரா முந்தைய ஃபிரேமின் துண்டை எடுத்து ஒட்டிச் சமாளிக்கும், அதுதான் நாம் பார்க்கும் உறைந்த சதுரங்கள். தலையைத் துடைக்கும் உலர் கிளீனிங் கேசட்டை 10 நொடி மட்டும் ஓட்டினேன். அதற்கு மேல் ஓட்டக்கூடாது, அது தலையையும் சேர்த்துத் தேய்க்கும். பாதிக்கு மேல் சரியானது.

மீதிக்கு டிவிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்தினேன். எந்தெந்த ஃபிரேமில் கேமரா சமாளித்து ஒட்டியது என்பதையும் டிவி கோப்பு தனக்குள் குறித்து வைத்திருக்கிறது. இந்த மென்பொருள் அதைப் படித்துப் பட்டியலிடும். அதோடு நிற்காமல், ஒரே கேசட்டை இரண்டு மூன்று தடவை கேப்சர் செய்து கொடுத்தால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் நல்ல பகுதியை எடுத்து ஒரே கோப்பாகத் தைத்தும் தரும். மூன்று தடவை ஓட்டித் தைத்ததில் கிட்டத்தட்ட 40 நொடி, அதாவது 1,000 ஃபிரேம் மட்டும் மிஞ்சியது.

ஒன்றரை மணி நேரக் கேசட்டில் வேறு பாடம். அது எல்பி முறையில் பதிந்தது. 60 நிமிட நாடாவில் 90 நிமிடம் அடங்குவதற்காகத் தடத்தின் அகலத்தை 6.7 மைக்ரானாகக் குறைப்பதுதான் எல்பி. இரவல் வாங்கிய ஒரு கேமராவில் அது சுத்தமாக ஓடவில்லை, அத்தையின் கேமராவில் போட்டதும் ஓடியது. பதிந்த கேமராவின் தலை எந்தக் கோணத்தில் இருந்ததோ அதே கோணத்தில் படித்தால்தான் இவ்வளவு மெல்லிய தடம் பிடிபடும். கேசட்டை மாற்றும்வரை பழைய கேமராவை யாரும் கழித்துவிடாதீர்கள். பழுது என்று தூக்கிப் போட்ட கேமராவோடு சில நாடாக்களும் ஊமையாகிவிடுகின்றன.

ஹை8 இரண்டும்

ஹை8 எடுத்த கேமரா எப்போதோ போய்விட்டது. உறவினர் ஒருவரிடம் டிஜிட்டல்8 கேமரா கிடைத்தது. மேலே சொன்ன இரவல் கேமராவோடு சேர்த்து இது இரண்டாவது இரவல். 1999-இல் வந்த இந்த வகை, அதே 8 மி.மீ. நாடாவில் டிவி வடிவத்தைப் பதிகிறது. அதில் சில மாடல்கள் (எல்லாம் அல்ல, வாங்குவதற்கு முன் கேட்டுக்கொள்ளவும்) பழைய அனலாக் ஹை8 நாடாவையும் ஓட்டி, அங்கேயே டிவியாக மாற்றி ஃபயர்வயரில் அனுப்பிவிடும். மஞ்சள், வெள்ளை, சிவப்பு முனைகளை யுஎஸ்பி கேப்சர் கருவியில் செருகும் வழியைவிட இது மேல். அனலாக் நாடாவில் வரிகள் வரும் நேரம் கொஞ்சம் முன்பின்னாகும். அதைச் சீராக்கும் சுற்று அந்தக் கேமராவிலேயே இருந்ததால் ஒரு ஃபிரேம்கூட விடுபடவில்லை. அது கிடைக்காதவர்கள் குறைந்தபட்சம் மஞ்சள் முனைக்குப் பதில் எஸ்-வீடியோ முனையைப் பயன்படுத்தலாம், ஒளியும் நிறமும் தனித்தனியாக வருவதால் ஓரங்கள் கலங்காது.

படத்தின் அடியில் நான்கைந்து வரி கிழிந்தது போல் தெரிந்தது. நாடாவில் ஒரு தலையிலிருந்து அடுத்த தலைக்கு மாறும் இடம் அது. பழைய தொலைக்காட்சிகளில் ஓரம் மறைந்துவிடும் என்பதால் அந்தக் காலத்தில் யாரும் அதைப் பார்த்ததில்லை. வெட்டவில்லை, கறுப்பால் மூடிவிட்டேன்.

படம் உதறியது ஏன்

இனி டிவிடி. ஊஞ்சல் காட்சி உதறியது எனக்கு இரண்டு நாள் பிடிபடவில்லை, ஏனென்றால் கணினியில் அதே டிவிடி நன்றாக ஓடியது. தொலைக்காட்சியில் மட்டும்தான் உதறல். அந்த வித்தியாசமே விடை.

கேம்கார்டர் ஒரு ஃபிரேமை ஒரேயடியாகப் பிடிப்பதில்லை. 576 வரியில் ஒன்றுவிட்டு ஒன்றாக 288 வரியை முதலில் பிடிக்கும், 20 மில்லி நொடி கழித்து மீதி 288 வரியை. ஒவ்வொரு பாதிக்கும் ஃபீல்டு என்று பெயர், நொடிக்கு 50 ஃபீல்டு. ஊஞ்சல் அந்த 20 மில்லி நொடியில் நகர்ந்திருக்கும். டிவி வடிவத்தில் கீழ் வரிகளின் ஃபீல்டு முதலில் வரும். டிவிடிக்கு மாற்றிய மென்பொருளிலோ மேல் ஃபீல்டு முதலில் என்று வைத்திருக்கிறது. தொலைக்காட்சி அதை நம்பி, இரண்டாவதை முதலிலும் முதலாவதை இரண்டாவதாகவும் காட்டியது. இரண்டு, ஒன்று, நான்கு, மூன்று என்று எண்ணிப் பாருங்கள், ஊஞ்சல் ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒரு எட்டு பின்னால் போய் முன்னால் வருகிறது. அசையாத காட்சியில் இரண்டு ஃபீல்டும் ஒன்றே என்பதால் தெரியாது. கணினி இரண்டையும் சேர்த்தே ஒரு ஃபிரேமாகக் காட்டியதால் அங்கேயும் தெரியவில்லை.

டிவிடி வடிவத்துக்கு மாற்றும் என்கோடரில் 'பாட்டம் ஃபீல்டு ஃபர்ஸ்ட்' (கீழ் ஃபீல்டு முதலில்) என்று ஒரே ஒரு தேர்வை மாற்றினேன், உதறல் போய்விட்டது. ஃபீல்டுகளை ஒன்றாகக் கலக்கும் டீஇன்டர்லேஸ் வேலையை டிவிடிக்குச் செய்யவே கூடாது. டிவிடியும் அதே 720-க்கு 576, அதே 50 ஃபீல்டு. இருப்பதை அப்படியே கொடுத்தால் அசைவு வழுவழுப்பாக வரும். முழுப் பன்னிரண்டரை மணி நேரத்தையும் மாற்றுவதற்கு முன்னால், வேகமான அசைவு உள்ள ஒரு நிமிடத்தை மட்டும் மாற்றித் தொலைக்காட்சியில் பார்த்துவிடுவது நல்லது. திரும்ப எழுதக்கூடிய டிவிடி ஒன்று இதற்குப் போதும்.

ஒரு டிஸ்கில் எவ்வளவு அடைக்கலாம்

ஒரு டிவிடியில் இரண்டு மணி நேரம் என்பார்கள். கணக்கு வரும், படம் வராது. டிஸ்கின் கொள்ளளவு 4.7 ஜிபி (கணினி 4.37 என்று காட்டும், எண்ணும் முறைதான் வேறு). இரண்டு மணி நேரத்தை அடைத்தால் நொடிக்கு 5 மெகாபிட்டுக்குக் கொஞ்சம் மேல், ஒலியையும் கழித்தால் 5-க்கும் கீழே. சினிமாவுக்கு அது போதலாம். எம்பெக்-2 ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் பெரும்பாலும் சேமிக்கிறது. கையில் பிடித்து எடுத்த வீட்டுப் பதிவில் படம் முழுக்க ஆடிக்கொண்டே இருக்கும், வெளிச்சம் குறைந்த அறையில் புள்ளிப் புள்ளியாக இரைச்சலும் இருக்கும். ஒவ்வொரு ஃபிரேமும் புதுசு. 25 மெகாபிட்டில் வாழ்ந்த பதிவை 5-க்குள் திணித்தால் முகங்கள்தான் முதலில் கட்டம் கட்டமாகும்.

நான் ஒரு மணி நேரக் கேசட்டுக்கு ஒரு டிஸ்க் என்று வைத்தேன். வீடியோ 8 மெகாபிட், ஒலி ஏசி-3 முறையில் 256 கிலோபிட். டிவிடி வீடியோவுக்கு மேல் வரம்பு 9.8, ஆனால் வீட்டில் எழுதிய டிஸ்கில் அந்த உச்சத்துக்குப் போனால் பழைய பிளேயர்கள் திக்கும். ஒன்றரை மணி நேரக் கேசட்டுகளுக்கு 6.3. மாற்றும் வேலைக்கு எஃப்எஃப்எம்பெக், மெனுவுக்கு டிவிடிஸ்டைலர். மெனுவில் தமிழ் எழுத்து கொம்பும் காலும் இடம் மாறி உடைந்தது. டிவிடி மெனு என்பது கடைசியில் ஒரு படம்தான் என்பதால், தலைப்புகளை வேறு இடத்தில் படமாகவே செய்து பின்னணியாக வைத்துவிட்டேன். தேதி சப்டைட்டிலையும் சேர்த்தேன். ரிமோட்டில் அழுத்தினால் மூலையில் நாளும் நேரமும் வரும், வேண்டாமென்றால் மறைந்துவிடும்.

பழைய டிஸ்கை முதல் தடவை பிளேயர் ஏற்காததற்குக் காரணம் கண்ணாலேயே தெரிந்தது. மேலே ஒட்டிய காகித லேபிள் நடுவிலிருந்து இரண்டு மி.மீ. விலகியிருந்தது, ஓரத்தில் ஒரு குமிழும் இருந்தது. சுழலும்போது டிஸ்க் தள்ளாடும். டிவிடியில் லேபிள் ஒட்டவே வேண்டாம், தண்ணீர் மையுள்ள பேனாவால் நடுவளையத்தில் எழுதினால் போதும். எழுதும் வேகம் 4 அல்லது 8 மடங்கு. டிவிடியின் படக் கோப்புகள் இருக்கும் வீடியோ_டிஎஸ் கோப்புறையைச் சும்மா டேட்டா டிஸ்க் போல இழுத்துப் போடாமல் முறையான டிவிடி-வீடியோ ஐஎஸ்ஓவாக (டிஸ்க் முழுவதையும் அடக்கிய ஒரே கோப்பு) ஆக்கி, எழுதி முடித்ததும் 'வெரிஃபை' செய்தேன். 11 டிஸ்கில் ஒன்று வெரிஃபையில் தோற்றது, மறுபடி எழுதினேன்.

எது மூலம், எது நகல்

அத்தை கேட்டார், "அப்போ இனிமே கேசட்டைத் தூக்கிப் போட்டுடலாமா?" வேண்டாம் என்றேன். டிவிடி நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பதற்கு. அதில் இருக்கும் படம் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான பிட்டுகளில் சுருங்கியது, நாளை அதிலிருந்து வேறு வடிவத்துக்கு மாற்றினால் இன்னும் சுருங்கும். எழுதும் டிஸ்கின் சாயமும் வெயிலிலும் வெப்பத்திலும் மங்கக்கூடியது. கேசட்டிலிருந்து எண்ணுக்கு எண் எடுத்த டிவி கோப்புகள்தான் இனி மூலம். அவற்றை இரண்டு தனி வட்டில் வைத்து, ஒன்றை அத்தை வீட்டிலும் ஒன்றை என்னிடமும் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு கோப்புக்கும் செக்சம் (கோப்பில் இருப்பதை வைத்துக் கணக்கிடும் அடையாள எண்) எடுத்துக் கூடவே ஒரு பட்டியலில் சேமித்தாயிற்று. வருடத்துக்கு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்தால் எது கெட்டது என்று தெரிந்துவிடும். 160 ஜிபி இன்றைய வட்டில் ஒரு மூலைக்குக்கூட வராது. இந்த ஒரு படியை விட்டுவிட்டு நேராக டிவிடிக்குப் போகும் யாரைப் பார்த்தாலும் நிறுத்திச் சொல்லத் தோன்றுகிறது.

ஏழாவது கேசட்டின் அந்த 40 நொடி இன்னும் கிடைக்கவில்லை. அத்தையும் மாமாவும் வாசலில் நின்று கையசைக்கும் இடம் அது, பாதி முகம் சதுரங்களுக்குள் இருக்கிறது. வேறொரு மாடல் கேமரா கிடைத்தால் நாலாவது தடவையாக ஓட்டிப் பார்க்கலாம் என்று கேசட்டை முழுதாகப் பின்னால் சுற்றி, உறையில் போட்டு, நிமிர்த்தி வைத்திருக்கிறேன். எடுத்த மூன்று கேப்சரையும் அழிக்கவில்லை. நாலாவது வந்தால் நான்கையும் சேர்த்துத் தைக்க வேண்டும்.